கடைசிப் பத்து நிமிஷம்

கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை நீண்டுபோனால் எங்கள் ஊரில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏலே, ஜேசுபாதம் எந்திரிச்சாச்சு!" நல்லது எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் இழுவைதான் என்று அர்த்தம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்த ஆளால் வயிறெரிந்தவன் நான். பெயர் செந்தூர்பாண்டி. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உள்ள தியேட்டருக்கு இருபத்தெட்டு வருஷமாக மேனேஜர்.

ஜேசுபாதத்துக்குத் திரேஸ்புரத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற பட்டறையில் வேலை. ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதன், ஊர்ப் பையன்களுக்கெல்லாம் சித்தப்பா. முழங்கை வரைக்கும் பிசின் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்கு வந்துவிடுவான். நடு வரிசை, நடைபாதையை ஒட்டிய ஓரச் சீட்டு. மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பான், அழவேண்டிய இடத்தில் வெட்கமே இல்லாமல் மூக்கைச் சிந்துவான். படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருட்டில் காலால் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்கும். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. கதாநாயகன் வில்லனைத் தேடி வண்டியைக் கிளப்பினால் இவனும் கிளம்பிவிடுவான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து போகிற மரியாதைகூட இல்லாமல், நேராக நடந்து வெளியே போவான்.

ஒருத்தன் போனால் போகட்டும். அவனைப் பார்த்துப் பத்துப் பேர் எழுவார்கள். "சித்தப்பாவே எந்திரிச்சிட்டாரு, இனிம என்ன கெடக்கு?" என்று இன்னும் பத்துப் பேர். படம் முடிகிறபோது பாதி ஹால் காலி. விநியோகஸ்தர்கள் என்னைப் பிடித்து ஏசுவார்கள்.

ஒருநாள் வாசலில் மறித்துக் கேட்டேன். "ஏம்லே, நல்லாப் போற படத்துல எந்திரிக்க? ஒனக்கு என்ன, குண்டியில முள்ளா?"

"அண்ணாச்சி, நல்ல படம் எடுக்கவன் எல்லாம் கடைசியில வீட்டுக்குப் போற அவசரத்துல எடுக்கான். கெடுக்கதுக்குன்னே ஒரு பத்து நிமிசம் வச்சிருக்கான். அந்தப் பாவத்த நான் ஏன் பாக்கணும்?"

அவன் சொன்னது நிஜம். இரண்டரை மணி நேரம் அண்ணன் தம்பி சொத்துச் சண்டையை நெஞ்சு பதறும்படி காட்டிவிட்டு, கடைசியில் ஒரு போலீஸ் ஜீப் வந்து இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்ட படத்தை நானே ஓட்டியிருக்கிறேன். ஊமையாக வந்த பெண் கோயில் மணிச் சத்தம் கேட்டுப் பேசிவிட்ட படத்தையும் ஓட்டியிருக்கிறேன். நல்ல சோறு சாப்பிட்டுக் கடைசி உருண்டையில் கல் கடித்த கணக்குத்தான். அப்படிக் கல் கடித்துக்கொண்டு வெளியே வருகிற கூட்டம் சைக்கிள் ஸ்டாண்டில் ஜேசுபாதத்தைச் சுற்றி நின்றுகொள்ளும். "நீங்க சொல்லுங்க சித்தப்பா, எப்படி முடிச்சிருக்கணும்?" என்று கேட்கும். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவன் ஒரு முடிவு சொல்லுவான். சவத்து மூதி, அது நன்றாகவும் இருக்கும். முடிவைப் பார்க்காதவனிடம் பார்த்தவர்கள் முடிவு கேட்ட ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான்.

இருபத்தொரு வருஷம் இப்படி ஓடியது. போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலையில் அவனை எழவிடாமல் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கு அவனுடைய அண்ணன் ரோச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். ரோச் தோணித் தண்டல். தோணி என்றால் இங்கிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய மரக்கலம். தண்டல் என்றால் அதற்குத் தலைவன், அவன் சொன்னதுதான் சட்டம். 2003இல் மாலத்தீவிலிருந்து திரும்பி வரும்போது, கன்னியாகுமரிக்குத் தெற்கே, மழை மூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் தோணியை இடித்துவிட்டுப் போனது. ஆறு பேர் காலி டிரம்மைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார்கள். ரோச் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துத்தான் பூசை நடத்தினார்கள். நானும் போயிருந்தேன்.

பிழைத்த ஆறு பேரில் ஒருவன் ஜேசுபாதம். ரோச்சின் மனைவி பிலோமினா வாசற்படியில் நின்று அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?" அவன் சொன்னதை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. அணியத்தில், அதாவது தோணியின் முன் முனையில், காவலுக்கு நின்றவன் அவன். விளக்கே போடாமல் கப்பல் வந்தது. கத்தியும் பிரயோஜனமில்லை. தண்ணீரில் விழுந்த பிறகு ரோச் தன் கையிலிருந்த மிதவை வளையத்தை இவனுடைய கழுத்தில் மாட்டிவிட்டு, "பிலோமினாவப் பாத்துக்கோலே, பிள்ளையப் படிக்க வையி" என்றார். பிறகு அலை மூடிவிட்டது.

தம்பி அண்ணன் சொன்னபடியே செய்தான். மறுபடி தோணி ஏறவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பிலோமினா பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தாள். இவன் பட்டறையில் பிசினில் வெந்து அண்ணன் மகன் கிளைட்டனைப் படிக்கவைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனுக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. கிளைட்டன் சினிமா படிக்க வேண்டும் என்று மெட்ராஸ் போனபோது, "பய என்னப் பாத்துக் கெட்டுப்போனான் அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

அந்தக் கிளைட்டன் தன் அப்பாவின் கதையையே படமாக எடுத்துக்கொண்டு வந்தான். பணம் போட்டவர் உப்பு வியாபாரி ஆவுடையப்பன். படத்தைப் பார்த்த ஆவுடையப்பனுக்கு எல்லாம் பிடித்துவிட்டது, முடிவு மட்டும் பிடிக்கவில்லை.

"தம்பி, கடைசி சப்புன்னு இருக்கு. ஒரு நேவி ஹெலிகாப்டர் வந்து கயிறு போட்டுத் தூக்குனாதான் சனம் கைதட்டும்" என்றார்.

"எங்க அப்பாவ யாரும் தூக்கல அண்ணாச்சி" என்றான் கிளைட்டன்.

என் ஆபீஸ் அறையில்தான் இந்த வாக்குவாதம். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கிளைட்டன் ஒரு வார்த்தை விட்டான். "வியாழக்கிழம காலைல இங்கனயே போட்டுப் பாப்போம். எங்க சித்தப்பா வருவாரு. அவரு பாதியில எந்திரிச்சா ஹெலிகாப்டர வச்சுக்கிடுங்க. கடைசி வரைக்கும் உக்காந்தா என் முடிவுதான்."

ஆவுடையப்பன் சிரித்தார். "எந்தப் படத்துக்குலே அவன் உக்காந்திருக்கான்?"

"இது அவரு சொன்ன கதை. உக்காருவாரு."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தீர்மானித்தால்தான் ஹெலிகாப்டருக்கோ எதற்கோ ஏற்பாடு செய்ய முடியும் என்று பேச்சு. நான் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஹாலைத் திறந்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை மதியக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஜேசுபாதம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறான், பிசின் நெடி அடித்தது.

"அண்ணாச்சி, நாளைக்கு புரொஜக்டர் கெட்டுப்போச்சின்னு சொல்லிருங்க."

"ஏன்?"

"சொல்லிருங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

"ஏலே, ஒன் பிள்ளை எடுத்த படம். ஒரு நாளாவது உக்காந்து பாத்தா என்ன? பந்தா காட்டுத நேரமாலே இது?" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். நாற்காலி இருக்க, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னான்.

தோணியில் அப்போது ஒரு சின்ன டி.வி.யும் சி.டி. பிளேயரும் இருந்தன. ஒரு படம் என்றால் மூன்று சி.டி. ரோச் வைத்த முறை, நாளுக்கு ஒன்று. பேட்டரி தாங்கவேண்டும், ஆட்களுக்கும் பொழுது போகவேண்டும். அந்தப் பயணத்தில் ஓடியது அருமையான படமாம். இரண்டு சி.டி. பார்த்துவிட்டு மூன்றாவதற்கு ஏழு பேரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் மழை இறங்கியது. ரோச் பின்னால் சுக்கானில் நின்றார். பாய் விரித்திருந்தது, நடுவில் டிரம் அடுக்கு வேறு. சுக்கானிலிருந்து முன்னால் வருவது தெரியாது. அதனால் அணியத்தில் ஒருத்தன் நின்று பார்க்கவேண்டும், எதுவும் வந்தால் தகரத்தைத் தட்டவேண்டும். அன்றைக்கு அந்த முறை ஜேசுபாதத்துக்கு.

"உள்ள மூணாவது சி.டி.யப் போட்டுட்டானுவ அண்ணாச்சி. சத்தம் கேக்கு. சிரிக்கானுவ. கடைசிப் பத்து நிமிசம்னு ஒருத்தன் கத்துனான். எனக்குத் தாங்கல."

"போயிட்டியா?"

"போயிட்டேன். அண்ணன் திரும்பித் திரும்பி அணியத்தப் பாப்பாருல்லா. அவருக்கு அங்கன இருந்து ஒரு மஞ்சளு தெரிஞ்சாப் போதும். என் மழைக்கோட்டக் கழத்தி முன் கம்பத்துல மாட்டுனேன். தலைக்குத் தொப்பியக்கூட இழுத்துக் கட்டுனேன். ஆளு நிக்க மாதிரியே இருந்துச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"கப்பல்ல விளக்கு எரிஞ்சிது அண்ணாச்சி. ஊதவும் செஞ்சான். படத்துச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. அண்ணன் கேட்டிருப்பாரு. கேட்டுட்டு அணியத்தப் பாத்திருப்பாரு. நான் நிக்கேன், தகரம் தட்டல, அப்ப தூரத்துலதான் போவுதுன்னு நெனச்சிருப்பாரு."

"மிதவை வளையம்?"

"அண்ணன் மொகத்த அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல. இடிச்சது சுக்கான் பக்கத்துல. மைனி வாசல்ல நின்னு கேட்டா. எனக்கு ஏதாவது சொல்லணும். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். மத்த அஞ்சு பேரும் வாயத் தொறக்கல. அவனுவளும் உள்ளதான உக்காந்திருந்தானுவ."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பாவி, படுபாவி! இத்தன வருசம் அந்தப் பொம்பள கையால தின்னிருக்கியேலே! ஊருல உள்ள டைரக்டரப் பூராவும் முடிவக் கெடுத்துட்டான்னு ஏசுனியே!" என்று கத்தினேன். மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைக் கையில் எடுத்ததுகூட நினைவிருக்கிறது. அவன் ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான். அடித்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதனாலேயே அடிக்கவில்லை.

"முடிவு கெட்டுருதுன்னு நான் எந்திரிக்கல அண்ணாச்சி. அந்த நேரம் வந்தா எனக்கு அணியத்துக்குப் போவணும். கால் தானா எந்திரிக்கி. வெளிய வந்தப்புறம் கேக்குறவனுக்கு எதையாவது சொல்லணும்லா."

"நாளைக்குப் படம் ஓடும்" என்றேன். "எந்திரிக்கதும் உக்காருததும் ஒன் பாடு. கிளைட்டன்கிட்ட உண்மையச் சொல்லுதது ஒன் கடமை. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"உண்மையச் சொன்னா மைனி வீட்டுப் படி ஏற முடியாது."

"ஆமா. முடியாது."

அவன் எழுந்து போனான். காலையில் வரமாட்டான், வேம்பாருக்கோ எங்கோ பஸ் ஏறிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன்.

வந்துவிட்டான். எட்டே முக்காலுக்கே வந்து, வெளுத்த சட்டை போட்டு, எப்போதும் உட்காருகிற ஓரச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பிலோமினா கழுத்தில் ஜெபமாலையோடு வந்தாள். ரோச் போன பிறகு அவள் தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. ஆவுடையப்பனும் அவர் ஆட்கள் நாலு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். கிளைட்டன் நேராக ஓரச் சீட்டுக்குப் போனான்.

"சித்தப்பா, இங்கன இல்ல. நடுவுல வாங்க, எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல."

"எனக்கு இதான்லே பழக்கம்."

"இன்னைக்கு ஒரு நாளு எனக்காவ."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தான். ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் மகன். நடைபாதை ஆறு சீட்டுக்கு அப்பால். நான் இரண்டு வரிசை பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

படத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். நல்ல படம். அப்படி ஒரு நல்ல படத்தை அந்தத் திரையில் நான் போட்டு வருஷக்கணக்காகிறது. ரோச்சாக நடித்தவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஏசினால் ரோச்சே வந்து ஏசுவதுபோல இருந்தது. தோணி துறைமுகத்தை விட்டு விலகுகிறபோது பெண்கள் யாரும் கையசைக்காமல் திரும்பி நடக்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில் பிலோமினா "ஆமா, இப்படித்தான்" என்று சத்தமாகவே சொன்னாள். ஜேசுபாதம் இரண்டு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு திரையில் மழை இறங்கியது.

தோணி அறைக்குள் ஐந்து பேர் சின்ன டி.வி.க்கு முன்னால். அதையும் எவனோ கிளைட்டனிடம் சொல்லியிருக்கிறான். அடுத்தது அணியம். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வாலிபன் அசையாமல் நின்று கடலைப் பார்க்கிறான். மழை முகத்தில் அறைகிறது, கண்ணைச் சிமிட்டாமல் நிற்கிறான்.

செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

ஜேசுபாதம் பாதி எழுந்துவிட்டான். பின்னால் ஆவுடையப்பன் "பாத்தியாலே" என்று முணுமுணுத்தார். கிளைட்டன் திரும்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினாதான் ஜேசுபாதத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரி தம்பி. அவுக கடைசியாப் பேசுனத நான் ஒருக்கக் கண்ணால பாக்கணும். நீ பக்கத்துல இரி."

அவன் உட்கார்ந்தான். அவள் கையை விடவில்லை.

கப்பல் விளக்கில்லாமல் வந்தது. மஞ்சள் கோட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தினான், தகரத்தை அடித்தான். இடி, தண்ணீர், இருட்டு. அலைக்கு நடுவில் ரோச் நீந்தி வந்து தம்பியின் கழுத்தில் வளையத்தை மாட்டினார். வயலின் அழுதது. "பிலோமினாவப் பாத்துக்கோலே, பிள்ளையப் படிக்க வையி" என்றார். நெற்றியில் முத்தம்கூடக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே படம் அறுந்து விழுந்தது. ஆவுடையப்பன் கொட்டாவி விட்டார். பிலோமினா மட்டும் தேம்பிக்கொண்டிருந்தாள். ஜேசுபாதம் கண்ணை மூடவில்லை, முழுவதையும் பார்த்தான்.

விளக்கைப் போட்டார்கள்.

"உக்காந்துட்டாரு!" என்றான் கிளைட்டன்.

"வழியில்லாம உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் அமுக்கிப் பிடிச்சா எவன் எந்திரிப்பான்?" என்றார் ஆவுடையப்பன். "அவரே சொல்லட்டும், அந்த முடிவு நல்லாருக்கா இல்லையா?"

கிளைட்டன் சித்தப்பாவின் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க சித்தப்பா. எனக்கே அந்த இடம் மட்டும் ஒட்டல. நடிச்சவன்கூடக் கேட்டான், அந்த அலையில ஒரு மனுசன் இத்தன வார்த்த எப்படிப் பேசுவாருன்னு. எங்க சித்தப்பா காதால கேட்டதுன்னு சொல்லி எடுத்தேன். எதை மாத்தணும், சொல்லுங்க."

எந்தப் படத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடி முடிவு சொல்கிறவன் அவன். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவன் மனதுக்குள் நல்லதாக ஒரு முடிவு ஓடியிருக்கும். சொல்லியிருந்தால் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

"அந்தக் கோட்டுக்குள்ள ஆளு கெடையாது கிளைட்டன்" என்றான்.

"எந்தக் கோட்டு?"

"அணியத்துல நிக்கிற மஞ்சக் கோட்டு. வெறும் கோட்டுத்தான். நான் கழத்தி மாட்டிட்டு உள்ள போயிட்டேன். டி.வி. முன்னால அஞ்சு பேரு இல்ல, ஆறு பேரு."

பிறகு எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னான். கப்பலில் விளக்கு எரிந்ததையும் அது ஊதியதையும் சொன்னான். வளையம் இல்லை, பேச்சு இல்லை, முகம்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னான். பிலோமினாவின் கை எப்போது அவன் மணிக்கட்டை விட்டது என்று நான் கவனிக்கவில்லை.

கிளைட்டன் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான்.

பிலோமினா கேட்டாள். "அவுக எதுவுமே சொல்லலையா?"

"நான் கேக்கல மைனி. நான் அங்கன இல்ல."

"எத்தன நிமிசம் உள்ள இருந்த?"

"பத்து."

"படம் முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. எழுத்து ஓடும்போதுதான் இடிச்சிது."

அவள் அவனையே பார்த்தாள். "முடிவு நல்லாருந்துச்சா?"

அவன் அழ ஆரம்பித்தான். "இல்ல மைனி. சப்புன்னு முடிஞ்சிட்டு."

பிலோமினாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கெழம வராத" என்றாள். ஆறு சீட்டையும் கடந்து, நடைபாதை வழியாக வெளியே போய்விட்டாள். கிளைட்டன் பின்னாலேயே ஓடினான்.

ஆவுடையப்பன் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். போகும்போது என்னிடம், "ஹெலிகாப்டர் வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லிருங்க" என்றார்.

புரட்டாசியில் படம் வெளியானது. அந்த ஆறு மாதமும் ஜேசுபாதம் தியேட்டர் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவன் புரோட்டாக் கடையில் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டால் தட்டைப் பார்ப்பான். எனக்குக் கோபமும் ஆறவில்லை, போய்ப் பேசாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று அவனுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு வந்தான். பழைய ஓரச் சீட்டு. ஹால் நிரம்பி வழிந்தது. சொந்த ஊர்ப் படம், விசிலில் காது கிழிந்தது. நாலு வரிசை பின்னால் பிலோமினாவும் கிளைட்டனும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இவனைப் பார்த்தாள். இவன் திரும்பவில்லை.

மழை இறங்கியதும் ஹால் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. "சித்தப்பா எந்திரிக்கப்போறாரு" என்று யாரோ சொன்னார்கள். அவன் எழவில்லை.

சுக்கானில் நிற்கிற ரோச் திரும்பி அணியத்தைப் பார்க்கிறார். மழைக்குள் மஞ்சளாக ஒரு உருவம். சரி என்று தலையாட்டிக்கொள்கிறார். உள்ளே ஆறு முகத்திலும் டி.வி. வெளிச்சம், கடைசி முகம் வாயைப் பிளந்து சிரிக்கிறது. கப்பல் ஊதுகிறது. ரோச் மறுபடி அணியத்தைப் பார்க்கிறார். கோட்டின் ஒரு கை காற்றில் தூக்கிக் காலியாக ஆடுகிறது. அவருக்குப் புரிகிற அந்த நொடியில் திரை இருண்டுவிட்டது. அவ்வளவுதான்.

விளக்கு வந்ததும் ஒரே கூச்சல். "ஏலே, அம்புட்டுத்தானா?" "செத்தாரா பொழச்சாரா, சொல்லுங்கலே!" "நல்ல படத்தக் கடைசியில கெடுத்துட்டானுவளே!" பாப்கார்ன் டப்பா ஒன்று திரையில் போய் விழுந்தது. என்னைக் கடந்துபோனவர்களில் பாதிப் பேர் ஏசிக்கொண்டுதான் போனார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் ஜேசுபாதத்துக்காகக் காத்து நின்றது. சித்தப்பா என்ன முடிவு சொல்லுவார் என்று பார்க்கவேண்டுமாம்.

அவன் வெளியே வரவில்லை. ஹால் காலியான பிறகும் அதே சீட்டில் உட்கார்ந்து, வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த காட்சிக்குக் கூட்டிப் பெருக்க இசக்கியம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.

பிலோமினா நடைபாதையில் இறங்கி வந்தாள். கிளைட்டன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் ஜேசுபாதத்தின் சீட்டருகே வந்து நின்றாள்.

"எந்திரிலே" என்றாள். "படம் முடிஞ்சிட்டு."

அவன் குனிந்து காலால் செருப்பைத் துழாவினான். ஒன்று கிடைத்தது. மற்றது முன் சீட்டுக்கு அடியில் போயிருந்தது. பிலோமினா தன் காலால் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.